புளியங்கொட்டை விழும் சத்தம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்களில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்குக் கண்டக்டர் கொளஞ்சியைத் தெரியாமல் இருக்க முடியாது. வலது காதின் மேல் செருகிய பேனா, உதட்டை விட்டு இறங்காத விசில், விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். இவை இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் அவன் கல்யாணத்துக்குப் போனவர்கள் மட்டும்தான். அன்றைக்கும் பேனா இருந்தது என்று சாதிக்கிறவர்களும் உண்டு.

பிறந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. அப்பாவுக்குக் கொஞ்சம் பலாவும் கொஞ்சம் முந்திரியும் இருந்தன. மண்ணில் குனிந்து நிற்கப் பிடிக்காமல், மீசை அரும்புகிற வயசிலேயே பஸ்ஸில் கிளீனராக ஏறியவன், பிறகு கண்டக்டரானான். பேச்சுவாக்கில் சொன்னால், ஏறியவன் இன்னும் இறங்கவில்லை. குடித்தனம் திருப்பாப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி.

அந்தத் தடத்தில் அவனைப் பற்றி ஒரு பெருமை பேசிக்கொள்வார்கள். வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்துவிடுவான் என்று. முதுநகரில் மீன் கூடையோடு ஏறும் அம்மாள் பெரியப்பட்டில் இறங்குவாள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் சிதம்பரம். புது முகமாக இருந்தால் உதட்டைப் பார்ப்பான். வாய் அகலத் திறந்தால் ஆலப்பாக்கம், உதடு ஒட்டிக் குவிந்தால் புதுச்சத்திரமோ முட்லூரோ. சந்தேகம் வந்தால் புருவத்தைத் தூக்குவான். அவர்களே கையை முன்னால் நீட்டியோ பக்கவாட்டில் ஆட்டியோ காட்டிவிடுவார்கள். டிரைவர் காத்தவராயன் எதிரே இருக்கும் கண்ணாடியில் இவன் கட்டைவிரலைப் பார்த்தே வண்டியை எடுப்பார். டிக்கெட் எடுக்காமல் நிற்பவனின் முகத்தை இவன் பத்து வரிசைக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்துவிடுவான். இதெல்லாம் திறமை என்று அவனும் நினைத்தான், ஊரும் நினைத்தது.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் வெண்மதி. மனைவி மலர்க்கொடி வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறவள். தெருவில் பாதிப் பேர் வீட்டு இட்லி அவள் கைமாவுதான். குழந்தை சிரித்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், எல்லாம் நேரத்துக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

"மாமா, இவள கூப்டா திரும்ப மாட்டேங்கறா. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்றாள் மலர்க்கொடி.

கொளஞ்சிக்குச் சோதித்துப் பார்க்க ஒரு வழி தோன்றியது. கண்டக்டருக்கு மட்டும்தான் தோன்றும் வழி. ஆயுத பூஜை அன்று பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்கு முதுகு காட்டி நிறுத்தினான். காத்தவராயனைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவர் ஏர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். குழந்தை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். பிறகு கைகொட்டிச் சிரித்தாள்.

"பாத்தியா மச்சான், காது பாம்புக் காதா இருக்குது" என்றார் காத்தவராயன்.

கொளஞ்சி வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சொன்னான். அவளும் நம்பினாள், நம்பத்தானே ஆசை. அந்த ஹாரனை நம்பி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அங்கன்வாடி டீச்சர் மூன்றாவது தடவையாகச் சொல்லி அனுப்பிய பிறகுதான் சிதம்பரத்துக்குப் போனார்கள். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், காது பார்ப்பதும் பேச்சு சொல்லிக்கொடுப்பதும் ஒரே இடத்தில் நடக்கும் சின்ன நிலையம். அங்கே இருந்தவள் பிரிசில்லா. சின்ன வயசுதான். எல்லோரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவாள். ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

கொளஞ்சி ஹாரன் விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"சத்தம் வேற, பேச்சு வேற அண்ணா. ஹாரன் சத்தம் சுவத்தையே ஆட்டும். அது இவளுக்கு ஒரு மெல்லிசு சத்தமாத்தான் கேட்டிருக்கும். நாம பேசறது அவ காதுக்கு வந்தே சேரல."

ஹாரன் அடிக்கச் சொன்னது அவன் கைதான். அவள் கேட்டிருக்க வேண்டிய எத்தனையோ வார்த்தைகள், கேட்காமலே போய்விட்டன. இனி எதற்கும் ஏமாறக்கூடாது என்று அன்றைக்கு அவன் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டான். பின்னால் நடந்ததெல்லாம் அந்த முடிச்சினால்தான்.

இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டுகிற மெஷின் வந்தது. காதுக்குள் அடைக்கும் துண்டைக் குழந்தையின் காதுக்கு அளவெடுத்துச் செய்திருந்தார்கள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வெண்மதியையே உற்றுப் பார்த்து உச்சுக் கொட்டினாள். கொளஞ்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடறதில்ல? அது மாதிரிதாம்மா இதுவும். இதுல என்னா வெக்கம்?" என்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அதை மலர்க்கொடி மறக்கவில்லை.

மெஷினைப் போட்டதும் பிள்ளை கடகடவென்று பேசிவிடும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வெண்மதியோ நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள், நின்றாள். என்ன செய்கிறாள் என்று புரியாமல் கொளஞ்சி அவள் பின்னாலேயே போனான். பிறகுதான் தெரிந்தது: கொலுசு. பிறந்ததிலிருந்து காலில் கிடந்த கொலுசுக்குச் சத்தம் உண்டு என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தாள். நடந்தால் வருகிறது, நின்றால் நின்றுவிடுகிறது, எப்படி? கொளஞ்சிக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஒரு சத்தத்தை முதல்முதலில் சந்திக்கிற மனசு எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை.

"அதான் கேக்குதே மேடம், பேசினா என்னா?" என்று அடுத்த தடவை பிரிசில்லாவிடம் கேட்டான்.

"பொறந்த கொழந்த மறுநாளே பேசுதா அண்ணா? ஒரு வருஷம் சும்மா கேட்டுக்கிட்டே கெடக்கும், அப்பறம்தான் ஒரு வார்த்த வரும். இவ காது இப்பதான் பொறந்திருக்குது. கெடைக்கிற நேரமெல்லாம் பேசுங்க. குளிப்பாட்டறப்ப பேசுங்க, சோறு ஊட்டறப்ப பேசுங்க. வாயப் பாத்து புரிஞ்சிக்க வுடாதீங்க. அவகிட்ட இத மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க: பாக்காத, கேளு."

பேசுவதில் தனக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கொளஞ்சி அன்றைக்கே ஆரம்பித்தான். தட்டை வைத்ததும், "இட்லி இட்லி இட்லி இட்லேய்!" என்று பஸ் ஸ்டாண்டில் சிதம்பரத்துக்கு ஆள் ஏற்றுகிற அதே இழுப்பில் கூவினான். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ந்தா மாமா, இட்லிதான், செலம்பரம் இல்ல" என்றாள் மலர்க்கொடி.

கத்தினால் வார்த்தையின் உருவமே கெட்டுப்போகும், கிட்ட வந்து சாதாரணமாகச் சொன்னால் போதும் என்று பிரிசில்லா சொல்லித்தர வேண்டியிருந்தது. இரைச்சலுக்கு மேல், தூரத்தில் நிற்பவனுக்குப் பேச்சை எறிந்தே பழகியவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்கு அருகில், மெதுவாக, முழு வாக்கியமாகப் பேசுவது அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கற்றுக்கொண்டான். மலர்க்கொடி அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் கிரைண்டரை நிறுத்திவைத்தாள்.

அப்படியும் வெண்மதியின் வாயில் வந்த முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒருநாள் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லும் கண்டக்டர் மாதிரி "ரை, ரை" என்றாள். கொளஞ்சி வீட்டையே தலைகீழாக ஆக்கிவிட்டான். அன்றைக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் அந்தக் கதைதான். மலர்க்கொடி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாவு அரைத்து, நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டியவள் அவள். பெயர் வாங்கியது பஸ்.

காலையில் மெஷினை மாட்டியதும் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தை கையில் ஒரு புளியங்கொட்டை, முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணம். மலர்க்கொடி பனையோலை விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகச் சொல்வாள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கேட்டால் கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும், கேட்காவிட்டால் போடக்கூடாது. அடித்தொண்டையில் வரும் சத்தத்திலிருந்து பல்லிடுக்கில் வரும் சத்தம் வரை, பேச்சு மொத்தமும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும் என்று பிரிசில்லா சொல்லியிருந்தாள்.

கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "மெஷினால 'ஸ்' வரைக்கும் எட்டணும். எட்டலன்னா ஆபரேஷன் பண்ணி உள்ளயே கருவி வெக்கறதப் பத்தி யோசிக்கணும். தேவப்படற பிள்ளைக்கு அது வரம் அண்ணா. தேவப்படாத பிள்ளைக்கு அத எதுக்கு பண்ணணும்? நாலு வயசு ஆகறப்ப ஒரு தடவ முழுசா பாத்து முடிவு பண்ணிடலாம். அதுக்கு மேல தள்ளக்கூடாது."

எல்லாம் அந்த 'ஸ்' ஒன்றில் வந்து நின்றது. மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டாக்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி ஒரு குழாய் கொடுத்திருந்தார்கள். அதை மெஷினோடு சேர்த்துக் காதில் மாட்டிக்கொண்டு பெரியவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கொளஞ்சி தனக்கென்று எடுத்துக்கொண்டான். 'ஆ' நன்றாக வந்தது. 'ஊ', 'ஈ', 'ம்' வந்தன. 'ஷ்' ஏதோ தூரத்தில் பெருக்குகிற மாதிரி வந்தது. 'ஸ்' வரவே இல்லை.

"மெஷின்ல 'ஸ்' வரல மலரு."

அவள் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு கேக்குதே மாமா."

"உனக்கு ஆசை. அதான் கேக்குது."

மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு சிதம்பரத்துக்கே போய்ச் சண்டை போட்டான். பிரிசில்லா அதை மெஷின் சோதிக்கும் பெட்டியில் வைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அவன் நம்பாததால் வேறு மெஷின் ஒன்றைக் குழாயில் மாட்டிக் கொடுத்தாள். அதிலும் 'ஸ்' இல்லை. இரண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்கிறது என்று அவன் சொன்னபோது, பிரிசில்லா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான். கடைசி நடைக்கு வண்டி எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு குழந்தையைக் கண்காணிப்பதே அவன் வேலையாயிற்று. 'ஸ்' என்று அம்மா சொல்லும்போது வெண்மதி கொட்டையைப் போடத்தான் செய்தாள். ஆனால் அவன் காதுக்கு விசிறிக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே ஒன்றுமே இல்லாதபோது இவள் எதைக் கேட்டுப் போடுகிறாள்? சத்தம் கேட்டால் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காட்டினால் எல்லோரும் கைதட்டிக் கொஞ்சுவார்கள். அவள் இப்போது எதற்கெடுத்தாலும் காதைக் காட்டினாள். பின்பக்கத்து முருங்கை மரத்தைப் பார்த்துக் காதைத் தொட்டாள். அவன் போய்ப் பார்த்தான். ஒரு தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது, அலகு அசைந்தது, சத்தம் இல்லை. அடுக்களையைப் பார்த்துக் காதைத் தொட்டாள். அங்கே குக்கர் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விசில் அடித்தது. மூடியில் ஆவி கிளம்புவதைப் பார்த்திருப்பாள் என்று முடிவு செய்தான். கெட்டிக்காரி. டிக்கெட் எடுக்காமலே எடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள், அந்த மாதிரி.

"நீயும் ஏமாறுற, அந்த மேடமும் ஏமாறுது. கொஞ்சுறதுக்காகப் போடறா அவ. டிக்கெட் எடுக்காத மொகம் எனக்குத் தெரியாதா?" என்றான் மனைவியிடம்.

"பெத்த புள்ளைய டிக்கெட் எடுக்காதவன்னு சொல்றியா?"

"நான் ஒரு தடவ ஏமாந்தேன் மலரு. ஹாரன்ல ஏமாந்தேன். இன்னொரு வருஷம் போச்சுன்னா யாரு குடுப்பா? ஆபரேஷன்னா ஆபரேஷன். பண்ணிடலாம்."

மலர்க்கொடி கிரைண்டரைப் போட்டாள். அவளுக்குத் தெரியும், அது கேட்கிற பிள்ளை என்று. ஆனால் தன் ஆசைதான் தன் காதில் கேட்கிறதோ என்று அவளுக்கும் ஒரு பயம் விழுந்துவிட்டது. அவன் சொன்ன ஒரு சொல் அவளை அவ்வளவு தூரம் அசைத்திருந்தது.

முடிவு பண்ண வேண்டிய வியாழக்கிழமை வந்தது. மூன்று பேரும் சிதம்பரம் போனார்கள். கொளஞ்சி உட்காரும் முன்பே தன் சந்தேகத்தைப் பிரிசில்லாவிடம் போட்டு உடைத்தான்: இது நடிப்பு, யாரோ முகத்தில் ஜாடை காட்டுகிறார்கள், அதைப் பார்த்துப் போடுகிறாள்.

பிரிசில்லா கோபப்படவில்லை. "சரி அண்ணா, நீங்களே உள்ள உக்காருங்க. நீங்கதான் செக்கிங். நான் வெளியில இருப்பேன், அவ என்னப் பாக்க முடியாத மாதிரி கண்ணாடி ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வெக்கறேன். நீங்க எதிர்ல. உங்க கையிலயும் கொட்ட தரேன், ரெண்டு பேரும் சேந்து விளையாடுங்க. யாரு முகத்துலயாவது ஜாடை தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

அது சுவர்கள் எல்லாம் மெத்தை தைத்தது போன்ற சின்ன அறை. கதவைச் சாத்தியதும் சிதம்பரம் மொத்தமும் வெளியே போய்விட்டது. கொளஞ்சி அவ்வளவு அமைதியில் உட்கார்ந்ததே இல்லை. அவன் காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ரீங்காரம் மட்டும் பாக்கியிருந்தது. இன்ஜினை அணைத்த பிறகும் காதில் தங்கிவிடுகிற சத்தம் அது, பஸ்ஸில் ஓடுகிற எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

மூலையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து முதலில் 'ஆ' மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் கொட்டையைப் போட்டார்கள். கிண்ணம் 'டிங்' என்றது. வெண்மதி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். 'ஊ' வந்தது. 'ம்' வந்தது. மெல்ல மெல்ல வந்தாலும் இரண்டு கையும் சேர்ந்தே போயின. பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒன்றும் வராமலே வெண்மதி ஒரு கொட்டையைப் போட்டாள்.

பிடித்துவிட்டேன் என்று கொளஞ்சிக்கு உள்ளே ஒரு துடிப்பு. வருத்தமும் அதே நேரத்தில் வந்தது. பிடிபட்டது தன் பிள்ளை அல்லவா. அவள் முகத்தையே கவனித்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கொட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தபடி. மறுபடியும் போட்டாள். சத்தமே இல்லை. அவன் நிமிர்ந்து, கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த பிரிசில்லாவைப் பார்த்து, பஸ்ஸில் செய்வது போலவே கையை விரித்துக் காட்டினான்: ஒன்றும் வரவில்லை, சும்மா போடுகிறாள்.

அப்போதுதான் அந்த லைட் கண்ணில் பட்டது. பிரிசில்லாவின் மெஷினில் ஒரு சின்னப் பச்சை லைட். சத்தம் போகும்போது அது எரியும் என்று ஆரம்பத்தில் அவளே காட்டியிருந்தாள். வெண்மதிக்கு அது முதுகுப்பக்கம். அவனுக்கு நேர் எதிரே. லைட் எரிந்தது. மகள் கொட்டையைப் போட்டாள். லைட் அணைந்தது. மகளின் கை கன்னத்தோடு நின்றது. ரொம்ப நேரம் எரியவில்லை; அவளும் ரொம்ப நேரம் போடவில்லை. எரிந்தது, போட்டாள். அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் செய்த எந்தச் செக்கிங்கும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. லைட்டுக்கும் அந்தச் சின்னக் கைக்கும் நடுவே ஒன்று வந்துகொண்டே இருந்தது. அது அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அவன் கையிலிருந்த கொட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

கதவு திறந்தது. பிரிசில்லாவுக்குப் பின்னால் மலர்க்கொடி நின்றாள். யாரும் கேட்கும் முன்பே கொளஞ்சி சொன்னான்:

"லைட்டு எரிஞ்சுது மேடம். அவ போட்டா. எனக்கு ஒண்ணும் வரல."

பிரிசில்லா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கே கேக்கலாம்னு நெனச்சேன் அண்ணா, நீங்க ஓடிட்டீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வெண்மதிக்கு எல்லாமே எட்டுது, 'ஸ்' கூட. ஆபரேஷன் பேச்சு வேணாம். மெஷின் போதும், நீங்க பேசிக்கிட்டே இருங்க."

மலர்க்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொளஞ்சிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு தெற்கு வீதி முழுக்க ஓட வேண்டும் போல் இருந்தது. அதே மூச்சில் மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு அதே அறையில் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தார்கள். கோடு போட்டுக் காட்டியபோது அது பஸ் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் மேல்படியில் பத்திரமாக இருந்தது. 'ஸ்' மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் கீழே விழுந்து கிடந்தது.

"எத்தன வருஷமா பஸ்ல இருக்கீங்க? இன்ஜின், ஹாரன், அப்பறம் அந்த விசில். அது உங்க வாயில இருக்குது, காதுக்கும் அதுக்கும் ஒரு சாண்கூட இல்ல. உங்களுக்கும் ஒரு சின்ன மெஷின் போட்டா நல்லா இருக்கும்."

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்கு எல்லாம் புரியுது" என்றான் கொளஞ்சி, அவள் உதட்டைப் பார்த்தபடியே.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வேறு யாரோ கண்டக்டர். கொளஞ்சி ஒரு வேடிக்கையாக, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தான். பேச்சு இருந்தது, மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது, முடிச்சு மட்டும் அவிழவில்லை. கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவினார், அது எந்த ஊர் என்று தெரியவில்லை. அவன் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய ஊர்கள் அவை. வண்டி நின்றதும் கண்ணைத் திறந்துதான் புதுச்சத்திரம் என்று தெரிந்துகொண்டான். அப்படியானால் இத்தனை நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் டிக்கெட் கிழித்தது திறமையா, திறந்தாலும் பயனில்லை என்பதாலா?

"போட்டுக்கயேன் மாமா" என்றாள் மலர்க்கொடி, அவன் தோளைத் தட்டித் தன் முகத்தைப் பார்க்க வைத்து.

"கண்டக்டர் காதுல மெஷினா? படிக்கட்டுல தொங்குற பசங்க பேரே வெச்சிடுவானுங்க. மொதலாளி வேற ஆளப் பாத்துக்கறேன்னுடுவாரு. வுடு."

"இவளுக்குப் போட்ட அன்னைக்கு வராந்தா முழுக்கக் கத்துனியே. இதுல என்னா வெக்கம்னு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெண்மதி அவன் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் காலையில் அவன் சட்டை மாட்டி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பி நின்றபோது, வெண்மதி கிண்ணத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு புளியங்கொட்டையை அவன் கையில் திணித்தாள். விசிறியைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் அம்மா, அவன் பிள்ளை. நேற்று அறைக்குள் அப்பா கொட்டையைப் போடாததை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவன் சிரித்துக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்தான். "ஆ" என்றாள். போட்டான். "ம்" என்றாள். போட்டான். அப்புறம் சத்தமில்லை. ஆனால் விசிறிக்கு மேலே அவள் கன்னம் இரண்டும் இறுகுவது தெரிந்தது, கண் சுருங்குவது தெரிந்தது. பார்த்தே பிழைத்தவனுக்கு அது போதாதா? டக்கென்று போட்டான். மறுபடி கன்னம் இறுகியது. மறுபடி போட்டான்.

வெண்மதி விசிறியைக் கீழே இறக்கினாள். அவனை முறைத்தாள்.

"ப்பா. பாக்காத. கேளு."

அடுக்களையில் மலர்க்கொடியின் கை அப்படியே நின்றது. அதுவரை ஒவ்வொரு வார்த்தையாகத்தான் அவள் பேசியிருந்தாள். இதுதான் கோத்துச் சொன்ன முதல் பேச்சு. பிரிசில்லா சொல்லி, மலர்க்கொடி சொல்லி, கொளஞ்சியும் தினம் தினம் சொன்ன அதே சொல், ஒன்றுகூடச் சிந்தாமல் அவனிடமே திரும்பி வந்திருந்தது.

கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டான். கொட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான், அவளைப் போலவே. காதுக்குள் பழைய ரீங்காரம் ஓடியது. வேறொன்றும் இல்லை. அவள் சொல்லிவிட்டாளா, இனிமேல்தான் சொல்லப்போகிறாளா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. கொலுசு கிட்ட வருவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு சின்னக் கை அவன் காதிலிருந்த பேனாவை உருவியது. கேட்காவிட்டால் கிட்ட வந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்களே, அப்படியே அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள். மூச்சு இளஞ்சூடாக வந்து காதில் பட்டது. அவள் சொல்கிறாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. போட்டிருக்கலாம். போட்டால் கைதட்டுவாள்.

அவன் போடவில்லை.

"கேக்கல கண்ணு" என்றான். அத்தனை வருஷத்தில் எந்தப் பயணியிடமும், காத்தவராயனிடமும், மலர்க்கொடியிடமும் அவன் சொல்லாத வார்த்தை அது.

வெண்மதி அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தினமும் தனக்குச் செய்வதைப் போலவே, அவன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே மெஷின் இல்லை. அம்மாவிடம் திரும்பி, எங்கே என்பது மாதிரி கையை விரித்தாள்.

"மலரு, வர்ற வியாழக்கெழம லீவு சொல்லிட்டு வரேன்" என்றான் கொளஞ்சி. "செலம்பரம் போவணும். எனக்கு."

மகள் நீட்டிய பேனாவை வாங்கினான். காதுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.